பூட்டில் இருந்த நம்பர்

நான் ஐந்தாவதோடு நின்றவன். முதலாளி நெய்யக் கொடுத்த பட்டுநூல் வீட்டில் இருக்கிறதே என்ற பயத்தில், சந்தையில் கனமான பூட்டாகப் பார்த்து வாங்கினேன். அதில் அடித்திருந்த நம்பரை, சர்க்கார் சோதித்துப் போட்ட முத்திரை என்றே நம்பினேன்.

ஒருநாள் களம்பூர் போய்த் திரும்பினால், கதவு திறந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு மல்லிகாக்கா கையில் என் நூல். "திருடவா வந்தே?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன்.

"கத்தறதுக்கு முன்னாடி நூல் நனைஞ்சிருக்கான்னு பாருப்பா. மழையில உன் ஓடு ஒழுகிகினு இருந்துச்சு. என் சாவியப் போட்டுப் பாத்தேன், தொறந்துகிச்சு" என்றார்.

அவர் பூட்டும் அதே கடைதான், அதே நம்பர். அது வெறும் சாவி நம்பர், ஒரே நம்பர் பூட்டுகளுக்கெல்லாம் ஒரே சாவிதான் என்று பிறகு பூட்டு ரிப்பேர்காரர் சொன்னார்.

இப்போதெல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, உள்ளே சாவி நகர்த்தும் லீவர் தகடு எத்தனை என்று கேட்டுத்தான் பூட்டு வாங்குகிறேன். மாற்றுச் சாவியை மல்லிகாக்காவிடமே கொடுத்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் இன்னும் அவர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.