பேச்சியம்மாள் அக்கா வராத மூன்று நாட்கள்

பேச்சியம்மாள் அக்கா இறந்துபோன செய்தி, நான் அவருக்கு அனுப்பிய கடிதத்தோடுதான் திரும்பி வந்தது. புதன்கிழமை காலை, 'மூன்று நாட்களாகத் தகவல் இன்றி வேலைக்கு வராததற்குக் காரணம் தெரிவிக்கவும்' என்று அடித்து, கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் வாட்ச்மேன் சுப்பையாவிடம் கொடுத்துவிட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் சுப்பையா மழையில் நனைந்தபடி வந்து நின்றார். கடிதம் அவர் கையிலேயே இருந்தது. "கதவு உள்ள தாப்பா போட்டிருக்கு சார். தட்டித் தட்டிப் பாத்துட்டேன். என்னமோ நாத்தம் அடிக்கி. நீங்க வாங்க" என்றார்.

அக்காவை அறிந்தவர்களிடம் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அவர் சூப்பர்வைசர். நான் ஆபீஸ் கிளார்க். காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடியதும் அவர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார், நான் வரவு போடுவேன். ஒரு பெயருக்குக் குரல் வராவிட்டால் என்னை எழுதவிட மாட்டார். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து, "ஏட்டி, அவ வீட்டுல அடுப்பு பொகைஞ்சுதா?" என்று கேட்பார். புகைந்தது என்றால் எழுதலாம். இல்லையென்றால் அவரே ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டு வரும்வரை நான் பேனாவோடு நிற்க வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருமுறை கொழுந்து தளதளவென்று நிற்கும் நேரத்தில் முருகேஸ்வரி வரவில்லை. ஆறு மாதக் கர்ப்பிணி. மேனேஜர் கத்திக்கொண்டிருக்க, அக்கா களத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். ரத்தப்போக்கில் மயங்கிக் கிடந்தவளை ஜீப்பில் போட்டு, பள்ளிவாசல் இறக்கம் வழியாக ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை தங்கவில்லை, அவள் பிழைத்தாள். திரும்பி வந்த அக்கா மேனேஜரிடம், "ஆளப் பாத்துட்டு எழுதலாம் சார். எழுத்து எங்கயும் ஓடிப் போவாது" என்றார்.

பொய்க் காரணம் சொல்கிறவர்களையும் அவருக்குத் தெரியும். மருந்தடிக்கிற சுடலைமுத்து சித்தி இறந்துவிட்டதாக இரண்டாம் முறை லீவு கேட்டபோது, "ஏலே, ஒங்க சித்தி எத்தன தடவதான் சாவா? அடுத்த வாட்டி முன்கூட்டியே சொல்லு, மாலை வாங்கணும்" என்றார். களமே சிரித்தது. லீவும் கிடைத்தது.

இந்த மழைக்காலத்துக்கு முன்பு, காலையில் பெயர் வாசிக்கும் பிரட்டை நிறுத்தினோம். வராதவர்கள் ஆறு மணிக்குள் போனில் செய்தி போட வேண்டும். போடாவிட்டால் 'தகவல் இல்லை'. மூன்று நாள் ஆனால் கடிதம். திட்டம் மேனேஜருடையது என்றாலும் விதிகளை எழுதியவன் நான். கூட்டத்தில் அக்கா எழுந்து, "சொல்லிட்டு வராதவகளப் பத்திக் கவலை இல்ல சார். சொல்லாம வராதவக வீட்டுக்குத்தான் மொதல்ல போவணும். அவுகளுக்கு நீங்க மூணு நாள் குடுக்கீக" என்றார். "ஆபீஸ் வேலைல தலையிடாதீங்க அக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

திங்கட்கிழமை அவரிடமிருந்து செய்தி வரவில்லை. பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதே அந்தப் பெயர்தான். வீம்புக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். புதிய விதியை மீறிக் காட்டுகிறார், காட்டட்டும் என்று 'தகவல் இல்லை' எழுதினேன். கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் வழியில் முருகேஸ்வரி ஆபீஸ் வாசலில் நின்று, "அக்கா எங்க சார்? போனும் எடுக்கல" என்று கேட்டாள். நான் தலை நிமிராமல், "மகளப் பாக்கத் திருப்பூர் போயிருப்பாங்க" என்றேன். ஆபீசில் சொன்னதால் அவளும் நம்பிவிட்டாள். அக்கா தனியாகக் குடியிருந்த லய வரிசையில் மற்ற வீடுகளெல்லாம் காலி. மழையில் டவர் கிடைக்காமல் போவது மகளுக்கும் பழக்கம்தான், அதனால் அவளும் தேடவில்லை. செவ்வாய்க்கிழமையும் 'தகவல் இல்லை' என்றுதான் எழுதினேன். மழை விடவே இல்லை.

கதவை உடைத்தபோது அவர் வாசலை ஒட்டிய அடுப்படியில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. திங்கள் காலை விழுந்திருப்பார், உயிர் செவ்வாய்க்கிழமைதான் போயிருக்கும் என்றார் டாக்டர். கதவின் உட்பக்கத்தில், தரையில் கிடந்தபடி கை எட்டும் உயரத்தில், ஈயச்சட்டியால் அடித்த தழும்புகள் இருந்தன. எத்தனை முறை அடித்திருப்பார் என்று நான் எண்ணவில்லை. எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. திருப்பூரிலிருந்து வந்த மகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

விதி இன்னும் அப்படியே இருக்கிறது. செய்தி வராத பெயர்களுக்கு இப்போது நானே லயத்துக்கு ஏறிப் போகிறேன். பெரும்பாலும் தூக்கம், சில நாள் போதை. திட்டுகிறார்கள். அந்தத் திட்டு காதில் விழும்போது உடம்பெல்லாம் லேசாகிறது. ஆனால் ஒவ்வொரு வாசலிலும், கதவைத் தட்டியதற்கும் உள்ளிருந்து குரல் வருவதற்கும் நடுவே கொஞ்ச நேரம் இருக்கிறது. அக்கா தன் வாழ்நாளெல்லாம் தினமும் நின்ற இடம் அது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான்.