டர்போ காருக்கு மாமா எடுத்த வால்வு

எங்கள் முதலாளியின் வெளிநாட்டு டர்போ காரில், ஆக்ஸிலேட்டரை விட்டதும் மிச்சக் காற்றைத் திருப்பிவிடும் வால்வு பழுதாகிவிட்டது. புதிது எடுத்துவர, டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் என் மாமனாரை அனுப்பினார். துணைக்கு நான்.

இன்று காலை வேலூரில் கடைக்காரர், மெட்ராஸிலிருந்து வரவழைத்த இரண்டை எடுத்து வைத்தார்.

"பழசு மாதிரியே இருக்கிறது இதுதான்."

மாமா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், மோந்தும் பார்த்தார்.

"மேல கீறல் இருக்கு. ரிஜெக்ட்."

"காத்து உள்ளதான் போவுது பெரியவரே. கீறல் இன்னா பண்ணும்?"

"எக்ஸ்போர்ட்டுல நிக்காது."

பளபளத்த இன்னொன்றோடு ஆம்பூர் திரும்பினோம். குழாயில் அது பொருந்தவே இல்லை. மறுபடி பஸ் ஏறிப் போய், கீறல் விழுந்ததையே வாங்கி வந்தோம். பில்லில் 'செகண்ட் குவாலிட்டி' என்று எழுதச் சொல்லி மாமா ஒரே அடம்.

பெண் பார்க்கப் போன அன்று, "இப்டி ஜன்னலாண்ட வந்து உக்காருங்க மாப்ள" என்று இவர் என்னை இடம் மாற்றியது ஏன் என்று இன்றுதான் விளங்கியது.

என்னை எந்தத் தரத்தில் சேர்த்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உங்களில் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.