அரைக்கால் அங்குலம்

தென்காசியில் அந்த நாளில் என் லேத் பட்டறைக்கு வந்ததெல்லாம் கிணற்று பம்புகளும் அரிசி மில் இன்ஜின்களும்தான். பந்தயக் கார் வரும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. ஆனால் வந்தது. மேலகரத்தில் அரிசி மில் வைத்திருந்த அண்ணாச்சி, ஊரை விட்டுப் போன தோட்டத்துரை ஒருவரிடமிருந்து பழைய சீமைக் கார் ஒன்றை வாங்கி வந்தார். பச்சை நிறம், இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. "சாரல் அடிச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "நனைவேன்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

சென்னைக்கு வடக்கே, பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன பழைய விமானத் தளத்தில் அப்போது கார்ப் பந்தயம் நடக்கும். அண்ணாச்சி இரண்டு முறை போனார். இரண்டு முறையும் வண்டி பாதியில் நின்று, லாரியில் ஏறி ஊர் திரும்பியது. அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினிக்குப் பொறுமை போய்விட்டது. என்னை வைத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னொரு மட்டம் போயிட்டு வாங்க. வண்டி தானா ஓடி வீடு வந்தா காலம்பூரா வச்சுக்கிடுங்க. நின்னு போச்சுன்னா அங்கனயே வித்துட்டு வந்துருங்க. லாரியப் பாத்து ஊரே சிரிக்குது."

அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். மில்லைத் திறக்கும் முன் கார் பானட்டைத் திறந்து பார்க்கிற மனிதர் அவர். அந்த வண்டி போனால் அவர் பாதி ஆளாகிவிடுவார்.

அவரிடம் சீமையிலிருந்து தபாலில் வந்த ஒரு கேட்டலாக் இருந்தது. காரை விற்ற கம்பெனி கொடுக்காததை எல்லாம் வேறு ஆட்கள் செய்து விற்பார்களாம். இரட்டைக் கார்புரேட்டர், வளைந்து வளைந்து போகும் புகைக்குழாய், வேகம் கூட்டும் ஹெட். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பதுபோல் இருவரும் அதைப் புரட்டிக்கொண்டே இருப்போம். கார்புரேட்டர்கள் கப்பலில் வந்து சேர்ந்தன. ஹெட்டுக்கு இறக்குமதி லைசென்ஸ் கிடைக்கவில்லை.

"நான் செஞ்சு தாரேன்" என்றேன். கேட்காமலேயே சொன்னேன். வாய்க்கொழுப்பு.

ஹெட் என்பது இன்ஜினின் மூடி. அதன் அடிப்பக்கத்தைச் சீவினால் உள்ளே போகும் பெட்ரோல் காற்று இன்னும் இறுக்கமாக அழுந்தும், வெடிப்பு பலமாகும், வண்டி பறக்கும். அளவு மீறினால் வேளைக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தின்றுவிடும். அரைக்கால் அங்குலம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை சீவலாம் என்று கேட்டலாக் சொன்னது. வண்டியில் இருந்த ஹெட்டையே கழற்றி முழு அரைக்காலையும் சீவினேன். கொஞ்சம் குறைத்துச் சீவ என் கைக்கு மனமில்லை.

அது ஆடி மாதம். சீசன் உச்சத்தில் இருந்தது. விடிகாலையில் குற்றாலம் ரோட்டில் சோதித்துப் பார்த்தோம். மலைக்காற்று முகத்தில் அறைந்தது, சாரல் ஊசியாகக் குத்தியது. வண்டி போன போக்கில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குளிக்கப் போன சனம் ஒதுங்கி நின்று திட்டியது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இன்ஜினில் ஒரு பிசிறு கிடையாது. அந்த இரண்டு வாரமும் நாங்கள் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. தினமும் நனைந்தோம், தினமும் தும்மினோம், தினமும் மதினியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

ஆவணியில் சென்னைக்குப் புறப்பட்டோம். இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக வழி நெடுக முப்பது மைலுக்கு மேல் போகவில்லை. அதனால் வெயில் என்ன செய்யப் போகிறது என்பது தெரியாமலே போயிற்று.

பந்தயம் நடுப்பகலில். தரையெல்லாம் சிமெண்டு. செருப்புக்குள் கால் வெந்தது. மொத்தம் எட்டுச் சுற்று. மூன்றாவது சுற்றில் அண்ணாச்சி முதலாவதாக என்னைத் தாண்டிப் போனார். துள்ளியிருக்க வேண்டிய நான் அப்படியே நின்றேன். தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இன்ஜினில் ஒரு சத்தம். அப்போதுதான் உறைத்தது. கேட்டலாக் எழுதியவன் அவன் ஊர்க் குளிருக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறான். நான் அதைச் சாரலில் வைத்துச் சரிபார்த்திருக்கிறேன். இந்தக் கொதிப்புக்கு அரைக்கால் அங்குலம் அதிகம்.

அடுத்த சுற்றில் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி, "மெதுவா, மெதுவா" என்று கத்தினேன். அவர் பார்க்கவில்லை. ஐந்தாவது சுற்றில் நீலப் புகை கக்கி வண்டி நின்றது. ஹெட்டைக் கழற்றினால், பிஸ்டன் தலையில் விரல் நுழையும் ஓட்டை.

காரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அங்கேயே வாங்கிக்கொண்டார். நாங்கள் ரயிலில் திரும்பினோம். "பிஸ்டன் பழசு, அதான்" என்று அண்ணாச்சி எல்லாரிடமும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏழெட்டு வருஷம் அது என்னை அரித்தது. அவருடைய மில் இன்ஜினுக்குக் கூலி வாங்கும்போதெல்லாம் கை கூசியது. ஒரு நாள் அவர் மகள் கல்யாணப் பத்திரிகையை முருகன் காலடியில் வைக்கப் பண்பொழிக்குப் புறப்பட்டோம். வாடகைக் காரை அவரே ஓட்டினார், மாட்டுவண்டி வேகத்தில். அதைப் பார்க்கச் சகிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "தப்பு என்னுது அண்ணாச்சி. நான் அளவா சீவியிருந்தா அந்த வண்டி இன்னும் ஒங்க வீட்ல நிக்கும்."

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்தச் சத்தம் எனக்கு மூணாவது சுத்துலயே கேட்டுதுலே. நீ துண்டு வீசுனதையும் பாத்தேன். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்திருந்தா பிஸ்டன் தப்பிச்சிருக்கும்."

"பிறகு ஏன் எடுக்கல?"

"எனக்கு முன்னால ஒருத்தனும் இல்ல, கேட்டியா. வெறும் ரோடு. எடுக்க மனசு வரல."

"வண்டிய நிறுத்துங்க" என்றேன். இறங்கி நடந்தேன். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. இத்தனை வருஷம் நான் புழுங்கியதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்திருக்கிறார். அவர் காரை என் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார். "ஏலே, ஏறு. நீ இதைச் சொமந்துக்கிட்டு திரியுதன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு பர்லாங் போல நடந்திருப்பேன். பிறகு ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன். கோபம் தீரவில்லை. ஆனாலும் முன்னால் ஒருத்தரும் இல்லாமல் ஓடிய அந்தக் கடைசி இரண்டு சுற்றும் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் சொன்னார். பண்பொழி போய்ச் சேருவதற்குள் மூன்று முறை சொல்ல வைத்தேன்.