முதுகில் கேட்ட பாட்டு

தேசம்மா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அவருடைய காரில்தான் இருந்தேன். திருப்பதி மருத்துவமனையிலிருந்து அன்று அவரை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் அக்காவே கூப்பிட்டார். "வேற எந்த வண்டியும் வேணாம் சாந்தி. என் வண்டிய எடுத்துக்கினு வா. பாட்டு போட்டுக்கினே வா. கேக்குதா?" என்றார். அவர் சொன்னபடியே பாட்டைப் போட்டுக்கொண்டு சித்தூரிலிருந்து கிளம்பினேன். சந்திரகிரி தாண்டும்போது அவருடைய கணவர் முனிரத்தினம் மாமா கூப்பிட்டார். "மெதுவா வாம்மா. இனிமே அவசரம் இல்ல" என்றார்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பாட்டை நிறுத்த மட்டும் கை போகவில்லை. இருக்கைக்குக் கீழே இருந்த ஊஃபர், அந்தக் கனத்த ஓசை ஸ்பீக்கர், ஒன்றுமே நடக்காததுபோல, என் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அதன்மேல் கோபம்கூட வந்தது. அந்த ஊஃபர் எப்படி அங்கே வந்தது என்பதைத்தான் அக்காவைத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். தெரிந்தவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லி அவரைக் கேலி செய்தவர்கள். நானும் செய்திருக்கிறேன், அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் அவருடையது. சித்தூரில் நாங்கள் வேலை செய்த மாங்கூழ் கம்பெனியில், கூழை டின்னில் அடைக்கும் கூடத்துக்கு அவர்தான் சூப்பர்வைசர். நான் குடியாத்தத்திலிருந்து வந்து அதே கம்பெனியின் அனுப்புகைப் பிரிவில் சேர்ந்தவள். மாம்பழ சீசனில் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் வாயசைப்பதுதான் தெரியும். அத்தனை வருட இரைச்சலில் அக்காவின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. "என் காத மெஷினு துன்னுடுச்சி. மிச்சம் இருந்தா எங்க ஊட்டுக்காரரு பேசிப் பேசியே துன்னுடுவாரு" என்பார். மாமா அதைக் கேட்டுக்கொண்டே பேச்சைத் தொடர்வார்.

மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. குக்கர் விசில், போன் மணி, பெண்களின் குரல். பிறகு பாட்டு. அக்காவுக்குப் பாட்டு என்றால் உயிர். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காதில் வைக்கும் கருவி வாங்கிக் கொடுத்தார்கள். தகரத்தில் கல்லை உருட்டுவதுபோல் இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். கனத்த ஓசைகள் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் கேட்கும், அப்புறம் அதற்கும் உத்தரவாதம் இல்லை என்று மருத்துவர் சொன்ன அன்று, கம்பெனி கேட் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "அதுவும் பூட்டா நான் இன்னா சாந்தி பண்ணுவேன்?" என்றார். நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, அவருக்கும் கேட்டிருக்காது.

அந்த வருடம்தான் கரன்ட் கார் வாங்கினார். என்ஜின் இல்லாத வண்டி. முதல் நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போய் இறங்கினார். பழைய வண்டியின் உறுமலைக் காதால் கேட்காவிட்டாலும் காலால் தெரிந்துகொள்வாராம். இதில் காலுக்கும் ஒன்றுமில்லை. "நிக்குதா போவுதான்னே தெரியல. ஊரே செத்துப்போன மாதிரி கீது" என்றார். இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒரு நாள் மதிய சாப்பாட்டின்போது டிபன் டப்பாவை மூடிவிட்டு, "வண்டி சத்தம் போடலன்னா நல்லதுதான். பாட்டுக்கு எடம் காலியா கீது பாரு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனார்.

ரேணிகுண்டா சாலையில் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடை அது. நடத்துபவர் சீனு, குண்டூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆரஞ்சு நிற ஒயர்களை அவர் தொடவே மாட்டேன் என்றார், அது வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியின் ஒயராம், தொட்டால் ஆள் காலி. விளக்கு, கதவு, பாட்டு எல்லாவற்றுக்கும் முன்பக்கம் தனியாக ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது, அதிலிருந்து ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பதாகச் சொன்னார். ஊஃபரை எல்லோரையும்போல டிக்கியில் வைக்கலாம் என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஓட்டுகிற இருக்கைக்குக் கீழேதான் வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சீனு தலையைச் சொறிந்துகொண்டு இருக்கையைக் கழற்றினார்.

சாயங்காலம் வேலை முடிந்தது. அக்கா ஏறி உட்கார்ந்தார், சீனு பாட்டைப் போட்டார். அக்காவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பதற்றம் வந்தால் தமிழ்தான் வரும். "கேக்கல" என்றார். சீனுவின் முகம் மலர்ந்தது. "கேகா? தேங்க்ஸ் மேடம்! மா ஷாப்லோ அந்தரூ அதே அண்டாரு" என்றார். தெலுங்கில் 'கேக' என்றால் பிரமாதம் என்று பொருள், எங்கள் கடையில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்று பெருமைப்படுகிறார் மனிதர். அக்கா குரலை உயர்த்தி, "கேக்கலப்பா, கேக்கல!" என்றார். அவருக்கு இன்னும் சந்தோஷம். ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் போட்டு மூடியே விட்டார். நான் சிரித்துச் சிரித்து, மூச்சு வாங்கி, கடைசியில் விஷயத்தைத் தெலுங்கில் சொன்னேன்.

சீனுவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆம்ப்ளிஃபையரின் திருகை மெல்ல மெல்லத் திருப்பினார். அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் இருக்கையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று நிமிர்ந்தார். "வருது. முதுகுல வருது சாந்தி" என்றார். எந்தப் பாட்டு என்று நான் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்து, தாளத்தின்மேல் வரிகளை மனத்திலிருந்து எடுத்து வைத்துப் பாடத் தொடங்கினார். கண்ணில் நீர் வழிகிறது, பாட்டு நிற்கவில்லை. பாடி முடித்துவிட்டு சீனுவைப் பார்த்து, "இப்ப கேக்குது" என்றார். "இப்புடு நிஜங்கா கேக" என்றார் சீனு. இப்போதுதான் உண்மையிலேயே பிரமாதம் என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அதற்கப்புறம் அந்தக் 'கேக' எங்கள் இருவரின் பேச்சாகிவிட்டது. போன் மணியோ எதிர்முனைக் குரலோ அவருக்குக் கேட்காது. ஆனாலும் அவர் கூப்பிடுவார், தான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்து, "கேக்குதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். நான் உடனே வாட்ஸப்பில் 'கேக' என்று அனுப்ப வேண்டும். கொஞ்சம் தாமதமானால் மறுபடி கூப்பிட்டு முதலிலிருந்து சொல்வார்.

பங்காருபாளையத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது வண்டி செத்துப்போனது. தோட்டக்காரரிடம் மாங்காய் பற்றிப் பேசி முடித்துவிட்டுத் திரும்பி வந்தால் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் திருப்பதி போய்வருகிற அளவுக்குச் சார்ஜ் இருக்கிறது. சீனு ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டதால், வண்டியை அணைத்த பிறகும் ஆம்ப்ளிஃபையர் தூங்காமல் சின்ன பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. மாங்காய் ஏற்ற வந்த டிராக்டரிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பினோம். கரன்ட் காருக்கு டிராக்டர் உயிர் கொடுத்ததைப் பார்க்கத் தோட்டமே கூடிவிட்டது. "பெருசுல அவ்ளோ இருந்து இன்னா? சின்னது பூட்டா கதவு கூடத் தெறக்காது" என்று அக்கா அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சீனு ஒயரைச் சரிசெய்து கொடுத்தார். இருந்தாலும் அக்காவுக்குப் பயம் போகவில்லை. வெளியே போகாத நாளிலும் காலையில் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார்.

முனிரத்தினம் மாமாவுக்கு அந்த ஊஃபர் ஆகவே ஆகாது. பாட்டு எவ்வளவு சத்தமாக ஓடுகிறது என்று அக்காவுக்குத் தெரியாது. தெருவில் வண்டி நுழைந்தால் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். "காலேஜு பசங்க மாதிரி இன்னா இது? தெருவுல தல காட்ட முடியல" என்பார் மாமா. அக்கா அவர் உதட்டைப் படித்துவிட்டு, "உங்க பேச்ச நான் இத்தினி வருசம் கேட்டேன் இல்ல?" என்பார். ஒருமுறை திருப்பதியில் போலீஸ்காரர் ஒருவர் கம்பை நீட்டி வண்டியை நிறுத்தினார். கண்ணாடி இறங்கியதும், தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து, "மீரா அம்மா?" என்றார், நீங்களா என்று. அக்கா பவ்வியமாகத் தலையசைத்தார். அவர் போகச் சொல்லிவிட்டார்.

அக்காவை நெஞ்சு வலி என்று திருப்பதி மருத்துவமனையில் சேர்த்தார்கள். தேறிவிட்டார் என்றும் சொன்னார்கள். நல்ல திடகாத்திரமான உடம்பு, எத்தனையோ வருடம் ஓடியிருக்க வேண்டியது. சின்ன பேட்டரியைப் பற்றிப் பங்காருபாளையத்தில் அவர் சொன்னது எனக்கு அன்று மருத்துவமனை வாசலில் நினைவுக்கு வந்தது. அக்காவை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் முன்னால் போனது. வேறு எந்த வண்டியும் வேண்டாம் என்றுதான் அவர் காலையில் சொல்லியிருந்தார். நானும் மாமாவும் அவர் காரில் பின்னால் போனோம். பாதி வழியில் மாமா, "பாட்டு போடு" என்றார். போட்டேன். அவர் இருக்கையில் சாய்ந்து பார்த்தார், முன்னால் குனிந்து பார்த்தார். "எனக்கு முதுகுல ஒண்ணும் தெரியலயே. அவளுக்கு மட்டும்தான் வெச்சிக்கினா போல" என்று சொல்லி உடைந்து அழுதார்.

காரியம் முடிந்த பிறகு காரை விற்றுவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். மாமாவுக்கு ஓட்டத் தெரியாது. வாங்க வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த ஊஃபர் பெட்டியை மட்டும் கழற்றிவிடுங்கள் என்றார். மாமா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

போன வாரம் காலையில் அவர்கள் தெருவுக்குப் போனேன். முனையிலேயே தெரிந்துவிட்டது, வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். மாமா அக்காவின் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளும் இருக்கையின் ஓரத்தில் இருந்தன. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, "சின்ன பேட்டரி பூடும்னு சொல்லுவா இல்ல. அதான் தெனம் கொஞ்ச நேரம்" என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "நானு இத்தினி நாளா சத்தம்னு நெனச்சிக்கினு இருந்தேன் சாந்தி. இப்பதான் கேக்குது" என்றார்.

வண்டி மாமாவிடம் இருக்கட்டும். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'கேக' என்ற ஒரு சொல்தான். அவர் கடைசியாகக் கூப்பிட்ட காலையில் கிளம்புமுன் நான் அனுப்பியதும் அதே சொல். அவர் அதைப் பார்த்துவிட்டார் என்று போன் காட்டுகிறது. போன வாரம் மாமாவுக்கும் அதையே பதிலாகச் சொல்ல வாயெடுத்தேன். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கார்க் கதவில் கையை வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் நின்றேன்.