வால் பக்கத்துக் கண்

எஸ்தரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் ஒரு மீனின் வாலில் கண் வரைந்துகொண்டிருந்தாள். அது விளையாட்டல்ல, எங்கள் பிழைப்பு. கண்ணாடித் துண்டில் வரைந்த படத்தைத் தகரப்பெட்டி விளக்கின் முன்னால் செருகி, எதிரே கட்டிய வெள்ளை வேட்டியில் பெரிதாக விழவைத்து, இது இன்னது என்று நின்று சொல்வது என் வேலை. கண்ணாடியில் படம் எழுதி வண்ணம் தீட்டுவது என் மனைவியின் வேலை.

வேலூரில் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்திய சுகாதாரக் கமிட்டி எனக்குச் சம்பளம் கொடுத்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஈயை விரட்டு, கிணற்றுக்கு மூடி போடு என்று இருபது படம். ஈயைப் பார்க்க யார் வருவார்கள்? கூட்டம் சேர்க்க முதலில் ஆறு கடல் மீன்களைக் காட்டுவேன். எல்லாம் பவளப் பாறைகளுக்குள் வாழும் உள்ளங்கை அகல மீன்கள். பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் கிடைத்தவை. அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஆறாவது மீன்தான் விசேஷம். அதன் நிஜக் கண்ணின் மேல் ஒரு கறுப்புப் பட்டை ஓடி அதை மறைத்துவிடும். வால் அருகே வெள்ளை வளையத்துக்குள் பெரிய கறுப்பு வட்டம், கண் மாதிரியே இருக்கும். கடிக்க வரும் பெரிய மீன் வாலைத் தலை என்று நம்பி அங்கே பாயும். சின்ன மீன் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். போனால் வாலில் ஒரு துணுக்கு போகும், உயிர் போகாது.

தோல் பதனிடும் ஷாப்பில் கேட்டு வாங்கிய சாயத்தைக் கரைத்துத்தான் எஸ்தர் வண்ணம் தீட்டினாள். மஞ்சளும் நீலமும் நன்றாக வந்தன. கறுப்பு மட்டும் வெளிச்சத்தில் பழுப்பாகத் தெரிந்தது. அதனால் என் விளக்கின் புகைக்கூண்டில் படிந்த கரியைச் சுரண்டி, கோந்தில் குழைத்து, அணில் முடித் தூரிகையால் வைத்தாள். நான் நாட்றம்பள்ளிக்குப் புறப்பட்ட காலையில் வால் கண் முடிந்திருந்தது. "தலையும் பட்டையும் நீங்க வந்த பெறகு" என்றாள், நிமிராமலே.

மூன்றாம் நாள் திரும்பினேன். வாந்திபேதி. அடக்கமும் முடிந்திருந்தது. அந்தக் கண்ணாடித் துண்டு ஜன்னலில், அவள் வைத்த இடத்தில் சாய்ந்திருந்தது. மீனுக்கு உடம்பு இருந்தது, வாலில் கண் இருந்தது. தலைப் பக்கம் வெறும் கோடு.

அதை வேறு யாரும் தொட நான் விடவில்லை. அப்படியே ஊர் ஊராகக் காட்டினேன். வீட்டில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. ஒரு ஊர் முடிந்ததும் அடுத்த ஊருக்கு வண்டி கேட்டேன். நாலு பேர் முன்னால் நின்று எதையாவது விளக்கும் வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், தலையில்லாத மீனை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

மூணாம் நம்பர்

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், பகல் சாப்பாட்டு வேளையில் காட்சி. ஜன்னல்களுக்கெல்லாம் தோலையே தொங்கவிட்டு இருட்டு உண்டாக்கினார்கள். அங்கே தோல்களைத் தரம் பிரிக்கிறவர் காதர் பாய். அவர் கை வைத்துத் தடவினால் அந்தத் தோல் ஒன்றாம் நம்பரா மூன்றாம் நம்பரா என்று தீர்ந்துவிடும். ஆறாவது மீன் விழுந்ததும் எழுந்து வந்து வேட்டியருகே நின்றார். நிழல் விழுகிறது, உட்காருங்கள் என்று பின்னாலிருந்து சத்தம். அவர் காதில் வாங்கவில்லை.

"இன்னா வாத்தியாரே, சூடு வச்ச தோலக் கொண்டாந்து காட்டுறே? மூணாம் நம்பருக்கும் கீழ" என்றார். அது சூடு அல்ல, பிறவியிலேயே வருவது, அதை வைத்துத்தான் அது உயிர் பிழைக்கிறது என்று சொன்னேன். காதர் பாய் வேட்டியில் விழுந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார்: "மாட்டுக்கு சூடு வச்சா வெல கம்மியாம், மீனுக்கு வச்சா உசுரு ஜாஸ்தியாம். நல்லா கீதுப்பா ஞாயம்!"

ஏரிக்கரைக் கேள்வி

காவேரிப்பாக்கத்தில் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் காட்டினேன். ஏரி மீன் விற்கிற பெண்கள் நாலைந்து பேர் கூடைகளோடு முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். மீன் படம் காட்டுகிற இடத்தில் மீன் வாடையும் அடித்தது அந்த ஒரு ஊரில்தான். மற்ற ஊர்களைப்போல அவர்கள் வாயைப் பிளக்கவில்லை. எங்கள் ஏரி விராலில் ஒரு ஜாதிக்கும் குஞ்சாக இருக்கும்போது வாலில் கண் உண்டு, இதற்கா இவ்வளவு தூரம் பெட்டி தூக்கி வந்தாய் என்றார்கள்.

நான் விடவில்லை. பெரிய மீன் எப்படி ஏமாறுகிறது என்று கையை வாயாக வைத்துப் பாய்ந்தே காட்டினேன். ராஜம்மா என்று ஒரு கட்டையான பெண், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "பெரிய மீனு ஏமாந்து பூடும் சாமி, வலை ஏமாறாது" என்றாள்.

தலை எது

கலவை ஊரில் அடிதடி வரை போயிற்று. என் மீனில் தலை எது என்று இரண்டு வண்டிக்காரர்களுக்குள் தகராறு. ஒருவன் கண் இருக்கும் பக்கமே தலை என்றான். மற்றவன், வாத்தியார் வால் என்று சொல்லிவிட்டார், அப்புறம் என்ன பேச்சு என்றான். கொதிக்க வைத்த தண்ணீர்ப் படம் வந்தபோது பாதிக் கூட்டம் அவர்களை விலக்கிவிட வெளியே போயிருந்தது.

இது கமிட்டி செக்ரட்டரி காதுக்குப் போயிற்று. அவர் கெட்ட மனிதர் அல்ல. வக்கீல் வேலையை விட்டுவிட்டு, சொந்தச் செலவில் கிணற்று மூடி செய்து கொடுத்தவர். என்னைக் கூப்பிட்டு அந்தக் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எஸ்தர் எழுதியது என்று அவருக்குத் தெரியும். அதனால் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்: "ஒண்ணு இதுக்குத் தலை போடும், இல்லே பெட்டியிலேர்ந்து எடும். ரெண்டும் முடியாதுன்னா வேற ஆளப் பாக்கணும். ஜனங்க தண்ணியக் காய்ச்சணும்யா, மீனப் பத்திச் சண்ட போடக் கூடாது."

நாட்றம்பள்ளியில் நடந்தது

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். எஸ்தரை விட்டுப் போன அந்தப் பயணத்தில், நாட்றம்பள்ளிச் சந்தைக் கொட்டகையில் காட்சி. தண்ணீரைக் காய்ச்சச் சொல்லி ஓங்கிப் பேசிக்கொண்டிருந்தேன். முன்னால் விறகுக்கட்டை இறக்கி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் சொல்றியே, உன் வூட்ல காச்சறாங்களா?"

எங்கள் வீட்டில் காய்ச்சவில்லை. ராத்திரி வந்து காலையில் போகிறவன் நான். அதை நான் பெரிதாக நினைத்ததில்லை, காய்ச்சு என்று எஸ்தரிடம் ஒரு நாளும் சொன்னதுமில்லை. "காய்ச்சாமல் இருப்போமா?" என்றேன். கூட்டம் சிரித்து ஓய்ந்தது. அவள் மட்டும் சிரிக்காமல் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது: "பொய் சொல்றான்டி, கண்ணு வேற பக்கம் போவுது பாரு."

பெட்டி பெயின்டர்

செக்ரட்டரி கொடுத்த ஒரு வாரக் கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. டிரங்குப் பெட்டிகளில் ரோஜாப்பூவும் கிளியும் போடுகிற முனுசாமியிடம் கண்ணாடியை எடுத்துப் போனேன். வழியில் மூன்று தரம் திரும்பிவிட்டேன். கடைசியில் அவன் கடை வாசலில் நின்று, தலைக்கு ஒரு பட்டையும் கண்ணும் போடு என்று சொல்லிவிட்டேன். தூரிகையை நனைத்தவன் கண்ணாடியை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். இந்தக் கறுப்பு எங்கே கிடைத்தது என்று கேட்டான். விளக்குக் கரி என்றேன். யார் போட்டது என்றான். சொன்னேன்.

அவன் தூரிகையை வேட்டியில் துடைத்து வைத்துவிட்டான். "வேற கண்ணாடி குடு வாத்தியாரே, முழுசா புதுசா போடறேன். இது பக்கத்துல நான் போட்டா, யாரு போட்ட கண்ணுன்னு ஒனக்கே அப்புறம் ரோசன வந்துடும்."

புது மீன்

முனுசாமியின் மீன் நல்ல மீன். பட்டை, பட்டைக்குள் ஒளிந்த கண், வாலில் வட்டம், எல்லாம் பத்திரிகையில் இருந்தபடியே இருந்தன. செக்ரட்டரிக்குத் திருப்தி. ஆம்பூரில் அதே தோல் ஷாப்பில் காட்டினேன். எல்லாருக்கும் உடனே விளங்கிவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தேன். காதர் பாய் பின்னாலிருந்து, "இது வேற ஆளு கை, தோஸ்த். பழசப் போடு" என்றார். தோலைத் தடவுகிற விரல் அவருடையது, தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது.

பழைய கண்ணாடி சட்டைப் பையில் துணி சுற்றி இருந்தது. போட்டேன். போட்ட பிறகு மீனைப் பற்றிப் பேசவில்லை. இதை எழுதினவள் வாந்திபேதியில் போய்விட்டாள், என் வீட்டில் தண்ணீர் காய்ச்சவில்லை, நாட்றம்பள்ளியில் பொய் சொன்னேன் என்றேன். பதினைந்து வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் தண்ணீர்ப் படத்தை யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் உத்தரவை மீறினேன் என்பதும், கமிட்டி ஆள் வீட்டிலேயே காய்ச்சவில்லையாம் என்பதும் அந்த வாரமே வேலூருக்குப் போய்ச் சேர்ந்தன. விளக்கையும் பெட்டியையும் ஒப்படைக்கப் போனேன். புது மீனும் அதற்குள்தான் இருந்தது. செக்ரட்டரி எழுந்து வாசல் வரை வந்தார். "ஒரு மீனுக்காவாய்யா வேலைய விட்டீர்?"

பிறகு தோல் பதனிட வாங்குகிற ஆவாரம்பட்டை மண்டியில் எடை போட்டுக் காலத்தைத் தள்ளினேன். ஜன்னல் வெயிலில் தோல் ஷாப்புச் சாயமெல்லாம், மஞ்சளும் நீலமும், வருஷத்துக்குக் கொஞ்சமாக வெளுத்துப் போயின; ஊருக்கெல்லாம் தலை எது வால் எது என்று சொல்லிக் கொடுத்தவனிடம் இப்போது மிஞ்சியிருப்பது ஒரு கண்ணாடித் துண்டும், அதில் விளக்குக் கரியால் வைத்த வால் பக்கத்துக் கண்ணும்தான்.