நீளம் பாய்ந்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகிறது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா தவறியதும் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனார். மழைநீர் ஓட மலையில் வெட்டியிருந்த அகலமான கான்களை மற்றவர்கள் சுற்றிப் போவார்கள். அக்கா கூடையோடு ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுவார்.

அறுபதுகளின் நடுவில் பதுளையில் நடந்த விளையாட்டுப் போட்டிக்குத் தோட்டத்து இளைஞர்கள் அவரை அழைத்துப் போனார்கள். நானும் போனேன். நீளம் பாய்தலுக்கு வெறுங்காலோடு நின்றவரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். அக்கா ஓடிவந்து பலகையை மிதித்தார். அடுத்து நான் கண்டதை இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் கீழே வரவேயில்லை என்றுதான் தோன்றியது. மணற்குழியின் கடைசி ஓரத்தில் விழுந்து எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டார். அளந்தவர் நம்பாமல் மறுபடி அளந்தார்.

கடைவீதியில் சப்பாத்துக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி, பாய்பவர்கள் காலில் போடும் ஆணி வைத்த சப்பாத்து ஒரு சோடி வரவழைத்துக் கொடுத்தார். "காசு வேணாம் மகள். கொழும்புல பாஞ்சு காட்டுங்க," என்றார்.

கொழும்பிலும் அக்காவே முதலிடம். வெளிநாட்டுப் போட்டிக்குத் தெரிவானார். ஆனால் தோட்டத்து மக்களில் பலரைப் போல எங்களுக்கும் அப்போது பிரஜாவுரிமை இல்லை, கடவுச்சீட்டு கிடைக்காது. அதைச் சொல்ல விளையாட்டுச் சங்க அலுவலர் ஒருவர் லயத்துக்கே வந்தார்.

"நான் பொறந்தது இங்கதாங்களே. எங்கம்மாவும் இங்கதான் பொறந்தாங்க," என்றார் அக்கா.

வந்தவர் போக எழுந்தார்.

"எனக்குப் பதிலா யாருங்க போறா?"

"ரெண்டாவதா வந்த பிள்ளை."

அக்கா உள்ளே போய்ச் சப்பாத்தை எடுத்துவந்தார். "அந்தப் புள்ளைக்கிட்ட குடுத்துருங்க. கடைசி அடிய ரொம்ப நீட்டி வைக்குது. கொஞ்சம் குறுக்கி வைக்கச் சொல்லுங்க, இன்னும் தூரம் போகும்."

அலுவலர் போன பிறகுதான் அக்கா, அம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதார். மறுநாள், வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டில் முதல் ஆளாக நின்றார். அந்த முகத்தில் கசப்பைத் தேடினேன், காணவில்லை.

முழங்கால் இடம் கொடுத்தவரை, மேலும் பல ஆண்டுகள் ஊவா மாகாணப் போட்டிகளில் பாய்ந்தார். அவரை யாரும் வென்று நான் பார்த்ததில்லை. எங்கள் நால்வரையும் கரைசேர்த்த பிறகே திருமணம் செய்துகொண்டார். தம் இரண்டு மகள்களையும் படிக்க வைத்தார். பிரஜாவுரிமை கைக்கு வந்தபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது.

நெஞ்சுவலியால் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் ஒரு தாதி, "என்ன வேலைம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார். கொழுந்து பறித்ததைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"நீளம் பாயுறதுங்க," என்றார் அக்கா.

கொட்டும் மழையில் அவரை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சுமந்து இறக்கிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், அல்லும் பகலும் பார்த்த வைத்தியர்களுக்கும், அந்தப் பதிலைக் கேட்டுப் போர்வையை விலக்கி, அக்காவின் பாதங்களை வியந்து பார்த்து நின்ற தாதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

– தங்கை