உள்காம்பரா

மதியச் சோற்றுப் பார்சலைக் கடைக்காரர் கண்முன்னாலேயே பிரித்து, பருப்பும் சம்பலும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் அஸீலா நகர்வாள். பாண் வாங்கினாலும் அப்படித்தான், தபால் வந்தாலும் அப்படித்தான். "மூடிக் கெடக்கிறத நான் நம்பவே மாட்டேன்" என்பாள். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்கேன், பிரின்ட் கடை வைத்திருக்கிறாள்.

பிளேன்டீயில் சீனி போடமாட்டாள். சீனியை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு. மாலை ஐந்துக்குக் கணினியை ஸ்னாப்ஷாட் எடுப்பாள்: அன்றைக்கு அது இருந்த நிலையை அப்படியே பிடித்துவைக்கிற வேலை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிற மகராசி, இதை மட்டும் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை!

போன வருடம் மண்சரிவில் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள், காம்பரா என்கிற சிறு அறைகள் வரிசையாய் நிற்கும் வீடுகள், போனபோது, அக்கரப்பத்தனையிலிருந்து நனைந்த படங்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றையும் சும்மாவே ஸ்கேன் செய்து கொடுத்தாள். அவற்றுக்கென்று கணினிக்குள் ஒரு தனிப் பிரிவும் போட்டாள். சப்வொல்யூம் என்று அதற்குப் பெயர்.

இந்தப் புதன்கிழமை ஏதோ அப்டேட் போட்டதில் கணினி படுத்துவிட்டது. கெட்டுப்போன நிலையை ஓரமாக ஒதுக்கி, செவ்வாய்க்கிழமை ஸ்னாப்ஷாட்டை அதன் இடத்தில் வைத்தாள். எழுந்துகொண்டது. ஒதுக்கியதை அழிக்கப் பார்த்தால், 'காலியாக இல்லை' என்று கணினி மறுத்தது. "அப்ப கெடந்து தொல" என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அக்கரப்பத்தனை நாகலெட்சுமி வந்தாள். மண்ணோடு போன தம்பி யோகேஸ்வரனுக்கு இருந்தது ஒரே ஒரு படம். ஸ்கேன் செய்த பிறகு அசலை அடுப்புக்கு மேலே காயவைத்ததில் முகம் உரிந்துவிட்டது.

"நாளைக்கு அவனுக்கு வருசத் திதி தங்கச்சி. படம் வைக்கணும்."

அஸீலா அந்தத் தனிப் பிரிவைத் திறந்தாள். பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மூடித் திறந்தாலும் அப்படியேதான்.

"இதுவும் போயிருச்சா?" என்றாள் நாகலெட்சுமி.

"இருங்கக்கா, இருங்க. லயத்த வெளிய நின்னு போட்டோ புடிச்சா உள்காம்பரா சாமானெல்லாம் படத்துல விழுமா? கதவுதான் விழும். ஸ்னாப்ஷாட்டும் அப்பிடித்தான் தனிப் பிரிவோட வாசல்லயே நின்னிருக்கு. அப்ப சாமான் எங்க போகும்?"

சட்டென்று மேசையில் அடித்தாள். "யா அல்லாஹ், காலியா இல்லேன்னு நேத்தே சொன்னிச்சே!"

அழிய மறுத்த பழைய நிலையைத் திறந்தாள். தனிப் பிரிவு அதற்குள்ளேயே அலுங்காமல் இருந்தது. ஹட்டன் ஸ்டேஷன் பலகைக்குக் கீழே, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான் யோகேஸ்வரன். நாகலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அஸீலாவும்தான்.

படத்தை அச்சடித்து உறையில் போட்டாள்.

"நல்லா ஒட்டிக் குடு தங்கச்சி. மழ தூறுது."

பசை தடவி ஒட்டப் போன அஸீலா கையை நிறுத்தினாள். உறையின் வாயை இரண்டு விரலால் விரித்து, உள்ளே இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள்.